ஒரே அறை, ஆறு பேர்

(மும்பை தாராவியில், பெண்களுக்கான மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் பேசியது)

 

டீச்சர் என்னைப் பேசச் சொன்னார். எதைப் பற்றிப் பேச என்று கேட்டேன். "உங்கள் வீட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? 12 அடி நீளம். 10 அடி அகலம். ஒரு மூலையில் மோரி. தலைக்கு மேல் ஒரு பரண். அவ்வளவுதான். இங்கே நாம் அதை வீடு என்றுகூடச் சொல்வதில்லை. கோலி என்கிறோம். மராத்தியில் கோலி என்றால் அறை. சரியான பெயர்தான்.

அந்த ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன், மகன், மகள்.

காலை 5 மணிக்குத் தண்ணீர் வரும். அப்போது அது தண்ணீர் பிடிக்கும் இடம். 7 மணிக்கு அதுவே சமையலறை. 8 மணிக்குப் பிள்ளைகள் கிளம்பும் இடம். 10 மணிக்கு நான் சேலைக்கு ஃபால் தைக்க உட்காருவேன். அப்போது அது தையல் கடை. மாலையில் பிள்ளைகள் படிக்கிற இடம். ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் அதுதான் வரவேற்பறை. இரவு பாய் விரித்தால் படுக்கை அறை.

ஒரே அறை ஒரு நாளில் இத்தனை வேடம் போடுகிறது. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு மூட்டை சாமான். ஒரு வேடம் கலைந்தால்தான் அடுத்த வேடம் போட முடியும். குடத்தை எடுக்காமல் அடுப்புப் பற்ற வைக்க முடியாது. சேலையை மடிக்காமல் பிள்ளை புத்தகத்தை விரிக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

இடம் இல்லை என்பது உண்மை. அதை மறைத்துப் பேச மாட்டேன். இந்த ஊரில் ஏழைக்கு எப்போதுமே இடம் இருந்ததில்லை. வொர்லி பக்கம் பி.டி.டி. சால் என்று இருக்கிறது. 1920களில் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. அதில் ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. அதிலேயே பாட்டன், மகன், பேரன் என்று வாழ்ந்தார்கள். நம் கோலி 120 சதுர அடி.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் என் அண்ணன் புது வீடு கட்டினான். ஹால் தனி, சமையலறை தனி. அந்த ஹாலில் நம் கோலி இரண்டை வைக்கலாம். மைனி போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "ஹால்ல கால் வைக்க இடமில்ல. எல்லாம் சோபா மேலயே கிடக்கு" என்றாள். ஆகவே, இடம் பெரிதானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை.

நான் முதலில் பாயிலிருந்து தொடங்கினேன். ஆறு பாய், ஆறு தலையணை, நாலு போர்வை. முன்பு காலையில் அவரவர் எழுந்து போவார்கள். நான் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் சாய்ப்பேன். அது சரிந்து சரிந்து விழும். மதியம் வரை அதோடு மல்லுக்கட்டு. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். எழுந்தவர் தன் பாயைத் தானே சுருட்ட வேண்டும். சுருட்டிப் பரணில் ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் இதே விதி. முதல் வாரம் முகம் சுளித்தார். "நான் வேலைக்குப் போறவன்" என்றார். "நானும் வேலை செய்றவதான். ஒரு சேலைக்கு எத்தனை தையல்னு எண்ணிப் பாருங்க" என்றேன். இப்போது சுருட்டுகிறார். கொஞ்சம் கோணலாகத்தான் சுருட்டுகிறார். பரவாயில்லை.

வீட்டைச் சுத்தமாக வைப்பது பெண்ணின் வேலை என்று சொல்லிச் சொல்லியே நம் முதுகை வளைத்துவிட்டார்கள். ஆறு பேர் பரப்புகிற சாமானை ஒருத்தி அடுக்கி முடிக்க முடியாது. இது கணக்கு. கோபம் இல்லை.

அடுத்தது சுவர். நம்மிடம் தரை இல்லை. ஆனால் நாலு சுவர் இருக்கிறது. தரையில் இருக்கிற எது சுவருக்குப் போகலாம் என்று பார்த்தேன். பிள்ளைகளின் பள்ளிப் பை ஆணிக்குப் போனது. முறம், சல்லடை ஆணிக்குப் போயின. துணி போடும் கொடி முன்பு அறைக்குக் குறுக்கே இருந்தது. யார் வந்தாலும் ஈரத் துணி முகத்தில் அடிக்கும். அதை அவிழ்த்துச் சுவர் ஓரமாகக் கட்டினேன். அன்று மாலை மகள் வந்து, "அம்மா, நம்ம வீடு பெருசாயிடுச்சு" என்றாள். கயிறு இரண்டடி தள்ளிப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

கேஸ் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் இட நெருக்கடியைச் சாக்குச் சொல்லாதீர்கள். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலர் சிலிண்டர் மேல் துணி போட்டு அதன்மேல் சாமான் வைக்கிறார்கள். வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். இரவில் நாம் படுத்திருப்பது அந்தத் தரையில்தான். அதனால் படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணைக் கதவுக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். நாலு எண்தான். நம் எல்லோருக்கும் எழுதத் தெரியும்.

தண்ணீர் டிரம்மும் அப்படித்தான். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதனால் மூடி வைத்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் காலி செய்து உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கழுவுகிறோம். அது மகனின் வேலை.

தையல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகன் தவழ்கிற வயதில், பாயில் கிடந்த ஊசி அவன் முழங்காலில் ஏறிவிட்டது. அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து ஊசியை எண்ணித்தான் எடுப்பேன். ஐந்து எடுத்தால், எழுந்திருக்கும்போது ஐந்து இருக்க வேண்டும். குறைந்தால் யாரையும் உள்ளே விட மாட்டேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பாய்மேல் ஓட்டினால் ஊசி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி ஜன்னல் கதை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் கோலிக்கு ஒரே ஒரு ஜன்னல். சின்ன ஜன்னல். அதன் முன்னால் மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். வேறு இடம் இல்லை. ஜன்னல் இருக்கிறது என்பதே மறந்துபோனது. சில வருடங்களுக்கு முன் கொழுந்தனுக்கு இருமல் வந்தது. இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை. சளியைப் பரிசோதித்தார்கள். டி.பி. என்றார்கள்.

டாக்டர் மருந்து எழுதினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் ஜன்னல் இருக்கிறதா? திறக்கிறீர்களா?" கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான்.

டி.பி. கிருமி காற்று வழியாகப் பரவுகிறது. நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் அது அங்கேயே நிற்கும். காற்று வந்து போனால் குறையும். இது பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் என் பெட்டிகள் அந்தக் காற்றை மறித்துக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தப் பெட்டிகளை இறக்கினோம். ஒன்றில் என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன. அவற்றை ஒரு நாள்கூட நாங்கள் புழங்கியதில்லை. அந்தப் பாத்திரங்களுக்காகக் காற்றை அடைத்து வைத்திருந்தேன்.

கொழுந்தன் ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டான். அரசு மையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். நடுவில் உடம்பு தேறியது போல இருந்தது. அப்போதும் அவனை நிறுத்த விடவில்லை. குணமாகிவிட்டான். இப்போது ஜன்னலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட வைக்க முடியாது. மாமியார் சத்தம் போடுவார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேண்டாத சாமானைத் தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டி.வி.யிலும் சொல்கிறார்கள். சொல்வது எளிது. எது வேண்டாத சாமான் என்று யார் சொல்வது? அங்கேதான் சண்டை வரும்.

என் மாமியார் எதையும் போட விட மாட்டார். ஊரிலிருந்து ரயிலில் தூக்கி வந்த அம்மிக்கல். பிடி உடைந்த குடை. பரணில் ஏழெட்டுத் தகர டப்பா. மிக்ஸி வந்த பிறகு அம்மி எதற்கு? நான் பல வருடம் கேட்டேன். "அது கிடக்கட்டும் தாயி" என்பார். வேறு பதில் கிடையாது.

2019இல் தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தேன். மாமியார் பக்கத்துச் சந்துக்குப் போயிருந்தார். பங்கார்வாலா வந்தான். இதுதான் சமயம் என்று பரணில் இருந்த டப்பாக்களை இறக்கினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் பழைய காகிதம். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. மஞ்சளாகப்போன காகிதம், குப்பை என்று நினைத்தேன். டப்பாவோடு அவன் சாக்கில் போட்டுவிட்டேன். அவனும் பணத்தை எண்ணினான்.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். சாக்கைப் பிடுங்கினார். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னோடு நாலு நாள் பேசவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் படிக்கத் தெரியாது. "உங்க மாமா பத்திரமா வையின்னு கொடுத்தாரு" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். 2005 ஜூலை 26. இங்கே வயதில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கியது. எங்கள் கோலியில் இடுப்பளவு தண்ணீர். நான் கல்யாணம் ஆகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காகிதங்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்தன. பூட்டிப் பத்திரமாக இருந்தன! தண்ணீர் வடிந்த பிறகு திறந்தோம். ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தன. வெயிலில் காய வைத்தோம். பிரிக்கப் பிரிக்கக் கையோடு வந்தது.

பரணில் இருந்த தகர டப்பா மட்டும் நனையவில்லை.

2024இல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. உங்களுக்கே தெரியும். மகாராஷ்டிராவில் குடிசைப் பகுதியை மாற்றிக் கட்டும்போது ஒரு விதி இருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்கு மாற்று வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். முன்பிருந்தே இருக்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. காகிதம் வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். 2005க்குப் பிறகு வாங்கியவைதான் இருந்தன. அவர் பிறந்ததே இந்தக் கோலியில்தான். அதைக் காட்ட ஒன்றும் இல்லை. அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் பரணைக் காட்டினார்.

டப்பாவை இறக்கினோம். உள்ளே மாமனார் பெயரில் பெஸ்ட் மின்சார பில்கள். பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதை மகள் படித்தாள். ஆனால் வருடத்தை நான் படித்தேன். அப்போது நான் இந்த வகுப்புக்கு வரத் தொடங்கி மூன்று மாதம். விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். 1996. இன்னொரு முறை படித்தேன். 1996தான். என் கை நடுங்கியது. பங்கார்வாலா சாக்கில் நான் போட்ட காகிதம் அது.

எங்களுக்கு வீடு கிடைக்குமா, எப்போது கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. ஆனால் கேட்டபோது காட்ட ஒரு காகிதம் இருந்தது.

அதனால் காகித விஷயத்தில் நான் இப்போது கறாராக இருக்கிறேன். எல்லாக் காகிதமும் ஒரே இடத்தில். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். உறை தகர டப்பாவில். டப்பா பரணில், கதவுக்கு நேராக. ஓட வேண்டி வந்தால் கை நீட்டி எடுக்கலாம். கட்டிலுக்கு அடியில் காகிதம் வைக்காதீர்கள். எலியும் தண்ணீரும் முதலில் வருவது அங்கேதான். மகன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். அத்தைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் நானே எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும். டீச்சர், நீங்கள் வந்து பார்க்காதீர்கள்.

அம்மிக்கல்? அதுவும் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அதன்மேல் செருப்புப் பலகை வைக்கலாம் என்றேன். மாமியார் முறைத்தார். இப்போது விருந்தாளி வந்தால் அதில் ஒரு மடித்த போர்வையைப் போட்டு உட்கார வைக்கிறோம். பிடி உடைந்த குடையை மட்டும் அவரே ஒரு நாள் எடுத்துப் போட்டுவிட்டார். நான் கேட்கவே இல்லை.

எழுத்து என்றதும் நினைவு வருகிறது. வகுப்பில் சேர்ந்து என் வீட்டில் நான் முதன்முதலாக எழுதிய வார்த்தை என்ன தெரியுமா? "உப்பு." உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரே மாதிரி டப்பா. ஒருநாள் மாமியாருக்கு உப்புப் போட்ட டீ கொடுத்துவிட்டேன். அன்றே எழுதி ஒட்டினேன். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். இரண்டே நாளில் கரப்பான்பூச்சி தாளைத் தின்றுவிட்டது. அதனால் டேப் வைத்து ஒட்டுங்கள். பெயர் எழுதினால் இன்னொரு நன்மை உண்டு. டப்பா எங்கே இருக்கிறது என்று என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. கொழுந்தனே எடுக்கிறான். எடுத்த இடத்தில் வைக்கவும் செய்கிறான். பலமுறை.

மருந்துக்கும் தனி டப்பா வைத்திருக்கிறேன். பிள்ளைக் கை எட்டாத உயரத்தில். மாத்திரை அட்டையில் இரண்டு தேதி அச்சடித்திருக்கும். ஒன்று செய்த தேதி. பிந்திய வருடம் இருப்பது காலாவதித் தேதி. அட்டையைக் கத்தரிக்கும்போது அந்தத் தேதி உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். தேதி போன அட்டை டப்பாவில் இருந்தால், அது எதற்கு வாங்கியது, எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

நேரம் ஆகிவிட்டது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தண்ணீர் வரும் சந்துக்காரர்கள் எழுந்திருக்கத் துடிக்கிறீர்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு டப்பா கொண்டு வாருங்கள். காலி டப்பாவாக இருந்தால் போதும். தாளும் டேப்பும் நான் கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற பெயரை நீங்களே எழுதி ஒட்டலாம். உளுந்து என்று எழுதுவதற்கு எந்த 'ளு' என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை மாற்றி எழுதினேன்.